சிச்சானிஸ் பாட்டுக்கு வீணையை எப்படி வைப்பது?

காரைக்குடி வீணை
கானாடுகாத்தானில் ஒரு வீட்டு வளவில் மாலைக் கச்சேரி. விருந்தினர் ஒருவர் கிரேக்கத் தந்தி வாத்தியமான பூசூக்கி கொண்டுவருகிறார், கிரேக்க இசையமைப்பாளர் வசிலிஸ் சிச்சானிஸ் பாட்டு இரண்டு வாசிக்கணுமாம். எங்களிடம் வீணை, வயலின், மிருதங்கம். சிச்சானிஸ் எந்தக் காலத்து ஆள்? வீணைக்கு என்ன சுருதி? ஒன்பது எண்ணிக்கை என்கிறார், ஆனால் பதிவு நம் ஒன்பது எண்ணிக்கைத் தாளமான சங்கீர்ண சாபு மாதிரி ஓடவில்லையே?

பள்ளத்தூர் லயம்
ஓடாது ஆச்சி. அது ஸெய்பேகிகோ. ஒருவர் மட்டும் எழுந்து, கையை விரித்து, விழப்போகிற மாதிரி சுற்றுகிற மெதுவான ஆட்டம். கணக்கு: தகதிமி தக தகிட. மிருதங்கம் சறுக்குவது கடைசித் தகிடவில்தான். ஒரு அட்சரத்தை விழுங்கினால் எட்டாகிவிடும், கை தானாக ஆதி தாளத்துக்குப் போய்விடும். ஒரு நாள் முழுக்கச் சொற்கட்டைச் சொல்லி வெறுங்கையால் தட்டச் சொல்லுங்கள். பிறகும் ஃபரன் (வேகச் சொற்கட்டு) வேண்டாம், தீர்மானம் (மூன்று முறை வாசித்து முடிக்கும் முத்தாய்ப்பு) வேண்டவே வேண்டாம். ஆடுகிறவர் கால் வைப்பது நீங்கள் வாசிக்காமல் விட்ட இடத்தில்.

ஓடுகிற ஒன்பதும் அங்கே உண்டு, கர்சிலமாஸ். இருவர் எதிரெதிரே ஆடுவது. அது வேறு.

தேவகோட்டை இசைத்தட்டு
சிச்சானிஸ் பிறப்பு 1915 ஜனவரி 18, கிரேக்கத்தின் திரிகாலா. இறப்பு 1984, அதே ஜனவரி 18, லண்டனில். சட்டம் படிக்க ஏதென்ஸ் போனவர் பூசூக்கியோடு நின்றுவிட்டார். 1936இல் மெடக்ஸாஸ் சர்வாதிகாரம் வந்து, கஞ்சா மடத்துப் பாட்டுகளைத் தணிக்கை வெட்டியது. சிச்சானிஸ் காதல், வறுமை, பிரிவு என்று எழுதினார். மெட்டிலும் மேற்கத்திய மேஜர், மைனர் கலந்தார். ரெபெட்டிகோ என்ற துறைமுகத்து ஏழைகள் பாட்டு நடுத்தர வீட்டுக்குள் நுழைந்ததில் அவர் பங்கு பெரிது. அதைக் குறையாகச் சொல்பவர்களும் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஜெர்மானியர் பிடித்திருந்த காலத்தில் தெசலோனிகியில் சின்ன ஊஸோ (சோம்பு மது) கடை நடத்தினார். பதிவுக்கூடங்கள் மூடிக்கிடந்தன, பாட்டுகள் சேர்ந்துகொண்டே போயின. ‘மேகம் மூடிய ஞாயிறு’ 1948இல்தான் தட்டில் வந்தது. பாடியவர்கள் ப்ரோத்ரோமோஸ் ட்சவுசாகிஸ், சோதிரியா பெல்லு. உங்கள் விருந்தினர் கட்டாயம் இதைத்தான் கேட்பார்.

பழைய 78 தட்டை வைத்துச் சுருதி சேர்க்காதீர்கள். வேகம் தட்டுக்குத் தட்டு மாறும், அரைச் சுரம் தள்ளி நிற்கும்.

கோட்டையூர் சுருதி
வீணைக்கு வருகிறேன். மூன்று தந்திப் பூசூக்கி (ஒவ்வொன்றும் இரட்டைத் தந்தி) மேற்கத்தியப் பெயரில் ரே-லா-ரே (D-A-D). அதாவது இரண்டு கட்டைச் சுருதியில் (ஆதார சுரம் D) ச-ப-ச. உங்கள் வீணையின் சாரணி, பஞ்சமம், மந்தரம் தந்திகளும் அதே வரிசைதான், பாதி வேலை முடிந்தது. ஆனால் மூன்று கட்டை (E) வீணையை இரண்டுக்கு இறக்காதீர்கள். தந்தி தளர்ந்து மெட்டில் (தந்திக்கு அடியில் உள்ள குறுக்குக் கம்பியில்) உரசி இரையும். அவரைப் பூசூக்கியை முறுக்கச் சொன்னால் மெல்லிய மேல் தந்தி அறுந்துவிடும். பூசூக்கியின் இரண்டாம் மெட்டில் கேப்போ (எல்லாத் தந்தியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போட்டால் மூன்று கட்டைக்கு வந்துவிடும்.

ஞாயிறு பாட்டு சங்கராபரண ராகத்துச் சுரங்கள். மத்யமத்தையும் நிஷாதத்தையும் அசைக்காதீர்கள். பூசூக்கி பல இடங்களில் மூன்றாம் சுரத்தைக் கூடவே இணையாகப் பிடிக்கும், உங்கள் கமகம் அதன்மேல் மோதினால் அபசுரமாகவே கேட்கும். அந்த இணைக்குரலை வயலினுக்குக் கொடுங்கள்.

கமகம் வேண்டுமென்றால் தக்ஸிமி இருக்கிறது, பாட்டுக்கு முன் தாளமில்லாமல் வாசிப்பது, நம் ஆலாபனை மாதிரி. தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடச் சொச்சம்தான், அதனால் அங்கே துளியாக இருக்கும். வளவில் நீட்டலாம். அவர்கள் சுரவழிகளில் ஹிட்ஸாஸ்கியார் என்றால் நம் மாயாமாளவகௌளை, நியாவென்ட் என்றால் சிம்மேந்திரமத்யமம், பிரேயோட்டிகோஸ் என்றால் பந்துவராளி. சுரவரிசைதான் ஒன்று, பிடி வேறு.

காரைக்குடி வீணை
நன்றி அண்ணே. அவருடையது எட்டுத் தந்தி என்கிறார்.

கோட்டையூர் சுருதி
அப்படியானால் நாலு ஜோடி. 1950களில் பூசூக்கிக் கலைஞர் மனோலிஸ் ஹியோட்டிஸ் பரப்பியது, தோ-ஃபா-லா-ரே (C-F-A-D). அந்தப் பழைய தட்டுகளில் சிச்சானிஸ் வாசித்தது மூன்று ஜோடி. கேப்போ கணக்கு மாறாது, ஆனால் கீழ்த்தந்திகள் ச-ப-ச நிற்காது. சுருதி பிடிப்பது வீணையின் தாளத்தந்திகள் (பக்கவாட்டில் உள்ள மூன்று தந்திகள்) வேலையாகும்.

ஒன்று மறந்தேன். ஆத்தங்குடித் தரை, முட்டைவெள்ளைப் பூச்சுச் சுவர், எல்லாமே ஒலியைத் திருப்பி அடிக்கும், எஃகுத் தந்திச் சத்தம் காதைக் கீறும். பூசூக்கிக்காரர் காலடியிலும் பின்சுவரிலும் ஜமுக்காளம் போடுங்கள். ஒலிவாங்கி வீணைக்கு மட்டும் போதும்.