பழைய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போதுமா? உறுப்பினர்களின் அனுபவங்கள்

பூந்தமல்லி உறுப்பினர்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வேகன் ஆர் வாங்கி 11 ஆண்டுகள் ஆகின்றன. இந்த மாதம் பாலிசியைப் புதுப்பிக்க வேண்டும். 1,000 சிசிக்குள் அடங்கும் வண்டி என்பதால், நம் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்பை மட்டும் ஏற்கும் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 2,094 ரூபாயும் வரியும் கட்டினால் போதும். நம் வண்டிக்கு நேரும் சேதத்தையும் ஏற்கும் முழுக் காப்பீடு என்றால் ஏறத்தாழ நாலாயிரம் ரூபாய் கூடுகிறது, ஐ.டி.வி. (வண்டி முழுதும் போனால் நிறுவனம் தரும் உச்சத் தொகை) ஒன்றரை லட்சம் போட்டிருக்கிறார்கள். "பத்து வருஷம் தாண்டின வண்டிக்குத் தேர்ட் பார்ட்டியே போதும் சார்" என்கிறார் முகவர். வண்டியைப் பெரும்பாலும் என் மனைவிதான் ஓட்டுகிறார். வார இறுதியில் பெற்றோரை ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம் வரை போய்வருவோம். இதே முடிவை எடுக்க நேர்ந்தவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும்.

பள்ளிக்கரணை உறுப்பினர்:

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் குடியிருப்பின் தரைத்தளம் மூழ்கியது. அடுத்தடுத்து நின்றிருந்த இரண்டு கார்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். இரண்டிலும் தண்ணீர் டேஷ்போர்டு வரை ஏறி, வடிந்தபோது இருக்கைகளில் ஒரே உயரத்தில் சேற்றுக்கோடு விட்டுச் சென்றிருந்தது.

என் காருக்கு முழுக் காப்பீடும் எஞ்சின் பாதுகாப்புக் கூடுதல் காப்பும் இருந்தன. சாவியைத் தொடாமல் படம் எடுத்து அனுப்பிவிட்டு, இழுவை வண்டிக்காகக் காத்திருந்தேன். தண்ணீர் புகுந்த எஞ்சினை முடுக்கினால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்; அந்தச் சேதத்தைச் சாதாரண முழுக் காப்பீடுகூட ஏற்பதில்லை என்பதைப் புதிதாகப் பாலிசி எடுப்பவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்த்தார். பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் வண்டி முழு இழப்பாகக் கருதப்படும் என்ற விதிப்படி எனக்கு ஐ.டி.வி. தொகை கிடைத்தது. வழியில் கடிதப் போக்குவரத்தும் அலைச்சலும் நிறையவே இருந்தன.

பக்கத்து வீட்டு ஐயாவின் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே. அந்தப் பாலிசி வெள்ளம், தீ, திருட்டு எதற்கும் ஒரு ரூபாய்கூடத் தராது. ஓய்வூதியத்தில் வாழ்பவர் என்பதால், மெக்கானிக் சொன்ன தொகையைப் போட மனமின்றி, வண்டியைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிட்டார். அதன் பிறகு அவருடைய துணைவியாரை டயாலிசிஸுக்கு ஆட்டோவில்தான் அழைத்துச் செல்கிறார். ஒன்றரை லட்சம் உங்களுக்குச் சிறிய தொகையா என்பதைவிட, நாளைக்கே வண்டி போய்விட்டால் கையிலிருக்கும் பணத்தில் இன்னொன்று வாங்க முடியுமா என்று பாருங்கள். பூந்தமல்லியில் உங்கள் தெருவில் தண்ணீர் தேங்குமா என்பதும் முக்கியம்.

மதுரை உறுப்பினர்:

விபத்து வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். எல்லோரும் வண்டியின் விலையையே பேசுகிறோம். எனக்கு வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றித்தான் கவலை.

திருச்செந்தூர் போய்த் திரும்பிய ஒரு குடும்பம் எங்களிடம் வந்தது. மகன் தம் சொந்தக் காரை ஓட்டியிருக்கிறார். வேறு வாகனம் எதுவும் மோதவில்லை, வண்டி தானாகவே கட்டுப்பாடு இழந்து பாலத்தின் கைப்பிடிச் சுவரில் இடித்துவிட்டது. பின்னிருக்கையில் இருந்த அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட்டோம். காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் நீண்ட வாதம் எதுவும் செய்யவில்லை. பாலிசியின் முதல் பக்கத்தை எடுத்துக் காட்டினார், அது மூன்றாம் நபர் பொறுப்புக்கு மட்டுமான பாலிசி. தனியார் காரில் பயணிப்பவருக்கு அந்தப் பாலிசி பொருந்தாது, முழுக் காப்பீடு இருந்தால் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஆகவே நிறுவனம் விடுவிக்கப்பட்டது. அந்த அம்மா இழப்பீடு கேட்க வேண்டுமானால் பெற்ற மகனிடம்தான் கேட்க வேண்டும் என்ற நிலையில், அவர் மேற்கொண்டு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எதிரே வந்த லாரியின் தவறாக இருந்திருந்தால் லாரியின் காப்பீட்டில் வாங்கியிருக்கலாம். தானாக நேரும் விபத்தில் அந்த வழியும் கிடையாது.

பூந்தமல்லி நண்பரே, உங்கள் ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) யார் பெயரில் இருக்கிறது? 15 லட்ச ரூபாய்க்கான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பு, ஆர்.சி.யில் பெயர் உள்ள, உரிமம் பெற்ற உரிமையாளருக்கு மட்டுமே உரியது. வண்டி உங்கள் பெயரில் இருந்து, உங்கள் துணைவியார் ஓட்டும்போது அவருக்கு ஏதாவது நேர்ந்தால் அந்தக் காப்பு அவருக்குக் கிடைக்காது. முழுக் காப்பீடு எடுத்தாலும் இந்த இடைவெளி அடைபடாது. அவர் பெயரைக் குறிப்பிட்டுத் தனியே காப்பு சேர்க்க முடியுமா என்று நிறுவனத்திடமே கேளுங்கள். முகவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

வடவள்ளி உறுப்பினர்:

மூன்றாம் நபர் காப்பீட்டோடு நிறைவாக இருப்பவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் பதிவு செய்கிறேன். என்னுடையது 2008ஆம் ஆண்டு சான்ட்ரோ. நான் ஒருவன் மட்டுமே, பகலில் மட்டுமே, கோவை நகருக்குள் ஓட்டுகிறேன். வண்டி மேட்டு நிலத்தில் என் வீட்டு போர்ட்டிகோவில் நிற்கிறது. நான் யாரையாவது இடித்து உயிரிழப்போ காயமோ ஏற்பட்டால் வழங்கப்படும் இழப்பீட்டுக்கு இந்தப் பாலிசியில் உச்சவரம்பு இல்லை. பிறர் பொருளுக்கு ஏழரை லட்சம் வரை உண்டு. என் மனச்சாட்சிக்கு முக்கியமானது அதுதான். லாலி ரோடு சிக்னலில் பின்னால் வந்த கார் இடித்தபோது, அவர் காப்பீட்டில் வாங்கத் தீர்ப்பாயம் வரை போக வேண்டும் என்றார்கள். டிங்கரிங்குக்கு நானே கொடுத்துவிட்டேன். இத்தகைய செலவைத் தாங்கிக்கொள்ள முடிந்தவர்களுக்கே இது சரிவரும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். முழுக் காப்பீட்டை ஒருமுறை விட்டுவிட்டால், மறுபடி எடுக்க வண்டியை ஆய்வுக்குக் காட்ட வேண்டியிருக்கும். 90 நாள்களுக்கு மேல் இடைவெளி விழுந்தால் இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகச் சேர்ந்த கட்டணத் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் போய்விடும்.

பூந்தமல்லி உறுப்பினர்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆர்.சி. என் பெயரில்தான் இருக்கிறது. மனைவிக்குக் காப்பு இல்லை என்பதை மதுரை நண்பர் சொன்ன பிறகே தெரிந்துகொண்டேன். பெற்றோரை ஏற்றிச் செல்லும் வண்டி என்பதால் முழுக் காப்பீட்டையே தொடர்கிறேன். மனைவியின் பெயரில் விபத்துக் காப்பு சேர்த்து விலை அனுப்புமாறு இன்று காலை நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் தொகையை இங்கேயே பதிவிடுகிறேன்.