கொரங்காட்டு மேய்ச்சலா, கட்டுத்தறியா?

கிளுவைவேலி:
பக்கத்துத் தோட்டத்துக்காரர் போன மாசம் மானாவாரி மேய்ச்சல் நிலமான கொரங்காட்டை உழுது, போர் போட்டு, கோ-4 தீவனப்புல் நட்டுட்டாருங்க. பத்துக் கலப்பின மாடு கட்டப் போறாராம். மேய்ச்சல் மாடுதான் சுற்றுச்சூழலுக்குக் கேடுன்னு யாரோ சொல்லிட்டாங்களாம். காங்கேயம் பக்கம் கொழுக்கட்டைப்புல் மழையிலயே வளருது. கோடையில வெள்வேல மரத்துக் காய் தீனி. கிளுவை முள்செடியே வேலி. இதுல கேடு எங்க இருக்கு?

பால்கணக்கு:
அண்ணா, மாட்டு ஏப்பத்துல வர்ற மீத்தேன் நூறு வருசக் கணக்குல கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு சூடேத்துது. முத்துன நார்ப்புல் தின்னா அது இன்னும் கூடும். காங்கேயம் பசு கன்னுக்கு விட்டது போக ஒரு நாளைக்கு 2 லிட்டர் கறந்தாலே பெருசு. கலப்பினம் சாதாரணமா 8 லிட்டர். ஒரு லிட்டர் பாலுக்குப் பார்த்தா, கொட்டகையில கட்டித் தீனி போடற கட்டுத்தறி மாடுதான் மீத்தேனைக் கம்மியா விடுது.

கிளுவைவேலி:
லிட்டர் கணக்கை மறுக்கலை தம்பி. ஆனா காங்கேயத்தை நாங்க பாலுக்கா வளர்த்தோம்? ஏரும் வண்டியும் இழுத்த மாடு. அந்த உழைப்பை எந்த லிட்டர்ல ஏத்துவீங்க? கட்டுத்தறிக்கு மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் லாரியில வருது. கோ-4 காயாம இருக்க போர் ஓடணும். கழுவி விட்ட சாணித்தண்ணி குழியில காத்துப் படாமக் கிடந்து, அதுவும் மீத்தேனாத்தான் கிளம்புது. காட்டுல விழுந்த சாணி ரெண்டு நாள்ல ஓடு கட்டிரும். புரட்டிப் பாருங்க, அடியில வண்டு துளை போட்டு மண்ணுக்குள்ள கொண்டு போயிருக்கும்.

ரெண்டுமாட்டுக்காரி:
காடு இருக்கறவங்க பேசறீங்க. எனக்கு நிலமே இல்லைங்க. கலப்பினம் ரெண்டு, சொசைட்டிக்குப் பால். வாய்க்கால் ஓரத்துப் புல்லை அறுத்துப் போடறேன். சாணியெல்லாம் கோபர் கேஸ் தொட்டிக்குப் போயிருது, காலையில காப்பி அதுலதான் கொதிக்குது. நான் பூமிக்கு என்ன பாரம்?

பால்கணக்கு:
அக்கா செய்யறதுதான் சரியான வழி. சாணிக்குழி விசயத்துல அண்ணன் சொன்னதை ஒத்துக்கறேன். ஆனா எங்க பெரியப்பா 4 ஏக்கர்ல 12 உருப்படி விட்டாருங்க. புல்லு வேரோட போயி இப்ப சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கு. அதுவும் மேய்ச்சல்தானே?

கிளுவைவேலி:
காட்டை அடைப்பு அடைப்பாப் பிரிச்சு, மாத்தி மாத்தி மேய்க்காம விட்டா அப்படித்தான் ஆகும். எங்க காடு நாலு அடைப்பு, ஒண்ணு எப்பவும் ஆறப் போட்டிருக்கும். எனக்கு வயித்தெரிச்சல் உழவு மேலதான். பல வருசமாப் புல்வேர் மண்ணுல சேர்த்து வெச்ச கார்பன், உழுதா காத்துல போயிருது. கிளுவை மட்டும் இன்னும் நிக்குது. ஜேசிபி வர்றதுக்குள்ள அதையாவது விடச் சொல்லி, நாளைக்குக் காலையில நேர்ல போய்ப் பேசறேன்.