கொரியன் ரொமான்டிக் காமெடி: ‘யோ’ எப்போ உதிருதுன்னு கவனிங்க

கொரியன் ரொமான்டிக் காமெடியில அப்படி என்ன இருக்குன்னு கேட்டா ஹீரோ முகத்தைத்தான் எல்லாரும் சொல்வாங்க. முகம் சரி, பாதி ருசி காதுல இருக்கு. நம்ம நீ, நீங்க மாதிரி அங்கேயும் ரெண்டு பேச்சு உண்டு. மரியாதைப் பேச்சுக்கு ஜோன்தேமல்னு பேரு, உரிமைப் பேச்சுக்கு பன்மல். வாக்கியக் கடைசியில ‘யோ’ ஒட்டிக்கிட்டு வந்தா மரியாதை. அது உதிர்ந்தா ஒண்ணு நெருக்கம், இல்ல சண்டை. இங்கிலீஷ் சப்டைட்டில்ல ரெண்டுக்கும் ஒரே ‘யூ’தான். கதையோட பெரிய திருப்பம் காது வழியா வந்து போயிருக்கும், கீழே படிச்சிட்டு இருக்கிறவங்களுக்குத் தெரியவே தெரியாது.

‘ஹோம்டவுன் சா-சா-சா’வை (2021, 16 எபிசோடு) எடுத்துக்குங்க. ஹீரோ ஹோங் டூ-ஷிக் ஊர்ப் பாட்டி வரைக்கும் எல்லார்கிட்டயும் பன்மல்தான் பேசுவான். சியோல்ல இருந்து வந்த பல் டாக்டர் ஹே-ஜினுக்கு ஆரம்ப எரிச்சல்ல பாதி அதனாலதான். அவளை அவன் ‘சிக்வா’ன்னு கூப்பிடுவான், பல் ஆஸ்பத்திரின்னு அர்த்தம். “ஏய், பல் ஆஸ்பத்திரி!”ன்னு தெருவுல ஒருத்தன் கூப்பிட்டா எப்படி இருக்கும்? அவ பதிலுக்கு அவனை ‘ஹோங் பன்ஜாங்’ம்பா. பன்ஜாங்னா வார்டு பெரிய மனுஷன் மாதிரி. கேலியா ஆரம்பிச்ச இந்தப் பட்டப்பேர்தான் போகப்போகச் செல்லப்பேரு ஆகுது. சொல்லு அதேதான், குரல் மட்டும் மாறும்.

—

மேல சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்குங்க. மரியாதையில இருந்து இறங்க அனுமதி கேட்கணும். “பேச்சைக் கீழ வைக்கலாமா”ங்கிறதுதான் அந்தக் கேள்வியோட நேர் அர்த்தம், பெரும்பாலும் வயசுல மூத்தவங்கதான் எடுத்துக் கொடுப்பாங்க. கீழ வெச்ச பேச்சு அடுத்த சண்டையில மறுபடி ‘யோ’ ஆகிடுச்சுன்னா, கதவைச் சாத்திட்டான்னு அர்த்தம்.

பேரோட ‘ஷி’ சேர்த்தா மரியாதை. முழுப்பேரோட, இல்ல சொந்தப் பேரோட சேர்க்கலாம். குடும்பப் பேரோட மட்டும் சேர்த்து ‘கிம் ஷி’ன்னா மட்டம் தட்டுற மாதிரி. ஆபீஸ் கதைன்னா பதவிப் பேர்தான் கூப்பிடுற பேரு. ‘வாட்ஸ் ராங் வித் செக்ரட்டரி கிம்’ல (2018) ஒன்பது வருஷம் ‘பூஹ்வேஜாங்னிம்’னு, அதாவது துணைத் தலைவர் அவர்களேன்னு, முதலாளியைக் கூப்பிட்டுப் பழகின செக்ரட்டரி நாக்கு காதல் வந்தப்புறமும் அதையே சொல்லும். அங்கதான் சிரிப்பு.

டப்பிங்ல பெரிய பள்ளம் ‘ஓப்பா’. பொண்ணு தன் அண்ணனைக் கூப்பிடுற சொல்லு, வயசுல மூத்த காதலனையும் அதே சொல்லால கூப்பிடுவா. தமிழ்ல ‘அண்ணா’ன்னு போட்டா காட்சியே காலி. பேரைப் போட்டா குழைவு போச்சு. ‘ஓப்பா’ன்னே விட்டுடறதுதான் உத்தமம்.

—

நேரக் கணக்கைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயம் முழுமையாகாது. வழக்கமான தொடர் என்றால் 16 எபிசோடு, ஒவ்வொன்றும் 60 முதல் 70 நிமிடம், வாரத்தில் அடுத்தடுத்த இரண்டு நாள் ஒளிபரப்பு. இரண்டாவது நாள் எபிசோடு முடிந்தால் ஐந்து நாள் காத்திருப்பு. ஆகவே இரட்டைப்படை எபிசோடுகளின் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் பெரும்பாலும் பெரிய கொக்கியை மாட்டுவார்கள். ஒரே மூச்சில் பார்த்தால் தூக்கம் கெடுவது இதனால்தான். எபிசோடு முடிவில் நிறுத்தாதீர்கள். அடுத்ததின் முதல் பத்து நிமிடத்தையும் பார்த்துவிட்டு நிறுத்துங்கள், கொக்கி கழன்றிருக்கும்.

முதல் முத்தம் பெரும்பாலும் பாதிக் கதை வாக்கில் வரும். அதுவரை குடை, மருந்துக் கடைக் களிம்பு, குடித்துவிட்டு வந்தவளை முதுகில் சுமந்து போவது என்று ஒத்திப்போட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த ஒத்திப்போடல்தான் சரக்கு. கதை சறுக்குவது 13, 14-ஆம் எபிசோடுகளில். சொல்லாமல் வைத்த ரகசியம் உடைந்து “உன் நல்லதுக்காகத்தான்” என்று பிரிவார்கள். எழுத்தாளர் கெட்டிக்காரர் என்றால் பிரிவுக்கான காரணத்தை முதல் இரண்டு எபிசோடிலேயே விதைத்திருப்பார். ‘க்ராஷ் லேண்டிங் ஆன் யூ’வில் (2019–20) அந்தக் கவலையே இல்லை. வட கொரிய ராணுவ அதிகாரி, தென் கொரியத் தொழிலதிபர். நடுவில் எல்லைக்கோடு முதல் நாளிலிருந்தே இருக்கிறது. செயற்கையாக ஒரு சண்டை தேவைப்படவில்லை.

—

எபிசோடு எண்ணிக்கை 32ன்னு பார்த்து மிரள வேணாம். முன்னாடி அங்க கேபிள் சேனல்ல நடுவுல விளம்பரம் போடலாம், தரைவழி சேனல்கள்ல போடக்கூடாது. அதனால 2017 வாக்குல கேபிஎஸ், எம்பிசி, எஸ்பிஎஸ்ங்கிற தரைவழி சேனல் மூணும் ஒரு மணி நேர எபிசோடை 35 நிமிஷமா ரெண்டா வெட்டி, நடுவுல விளம்பரம் போட்டாங்க. 2021ல தடை போச்சு, வெட்டுறதும் நின்னுச்சு. ஆக 32ன்னா பழைய 16தான்.

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ‘பிசினஸ் ப்ரொபோசல்’ (2022) போதும். 12 எபிசோடுதான், இழுவை கம்மி. தோழிக்குப் பதிலா பொண்ணு பார்க்கிற சந்திப்புக்குப் போனா, எதிர்ல உட்கார்ந்திருக்கிறது தன் கம்பெனி முதலாளி. 2009 ‘பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்’ல கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போறதெல்லாம் காதல்னு காட்டுவாங்க, இப்போ பார்த்தா சகிக்காது. அதுல ஆரம்பிச்சுட்டு மொத்த வகையையும் ஒதுக்கிடாதீங்க.

“ராம்யான் சாப்பிட்டுப் போறீங்களா?”ன்னு ராத்திரி வாசல்ல நின்னு கேட்டா அது நூடுல்ஸ் பத்தின கேள்வி இல்லை, ராத்திரி தங்கிட்டுப் போறீங்களாங்கிற ஜாடை. 2001ல வந்த ஒரு கொரியப் படத்து வசனம் அப்படியே ஜாடைப் பேச்சாகிப் போச்சு. சப்டைட்டில் அதை நேரா நூடுல்ஸ்னுதான் போடும். எதிர்ல இருக்கிறவர் ஏன் சிவந்து போறார்னு இப்போ புரியும்.

—

எபிலோக் விட்டுடாதீங்க. ‘ஹோம்டவுன்’லயும் ‘க்ராஷ் லேண்டிங்’லயும் எபிசோடு முடிஞ்ச மாதிரி தெரிஞ்சதுக்கு அப்புறம் ஓரிரண்டு நிமிஷம் ஒரு சின்னக் காட்சி வரும். முன்னாடி பார்த்ததையே மத்தவர் பக்கத்துல இருந்து காட்டுவாங்க, நிறைய இடத்துல காதல் எப்போ தொடங்குச்சுங்கிற பதிலே அங்கதான் இருக்கு. ‘அடுத்த எபிசோடு’ பட்டன் வந்ததும் விரல் தானா போகும். ஆட்டோப்ளேயை அணைச்சு வெச்சிட்டு உட்காருங்க.