சுவிஸ் தமிழ்ப் பாடகி பிரியா ராகுவின்ர பாட்டு உங்களிட்ட எப்பிடி வந்து சேர்ந்தது?

சுவிஸில வளர்ந்த எங்கட ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை, சனிக்கிழமை எண்டா எங்கயாவது ஒரு ஹோலில கலைநிகழ்ச்சி இருக்கும், மேடையில ஆரோ ஒராளின்ர அப்பா நடத்திற இசைக்குழு பழைய சினிமாப் பாட்டு வாசிச்சுக்கொண்டிருக்கும், சின்னனுகள் கதிரைகளுக்கிடையில ஓடித் திரியும். பிரியா ராகு அப்பிடியான மேடைகளில பாடி வந்தவதான். சென்ட் காலன் பக்கம் வளர்ந்தவ, தாய் தகப்பன் 80களில இலங்கையில இருந்து வந்த ஆக்கள். வீட்டுக்குள்ளயே ஒரு பான்ட் மாதிரி, அப்பா தபேலா, சகோதரன் கீபோர்ட், இவ பாட்டு. அதே நேரம் ஆர் அன்ட் பி, ஹிப் ஹாப் மாதிரியான மேற்கத்தேயப் பாட்டு வகையள் எல்லாம் அந்த வீட்டில பெரிசா வரவேற்பு இல்லாத சாமான், பிள்ளையள் ஒளிச்சுத்தான் கேட்டவை.

என்னட்ட வந்தது தம்பி ஃபிஃபா 21 எண்ட கால்பந்து வீடியோ கேம் விளையாடேக்க. பக்கத்து அறையில இருந்து ‘குட் லவ் 2.0’ கேக்குது, இங்கிலீஷ் பாட்டு ஆனா தாளம் எங்கட தாளம், ஆரடா இது எண்டு ஓடிப்போய்ப் பாத்தா தமிழ்ப் பேர், அதுவும் சுவிஸ்!! அண்டைக்கு இரவு முழுக்க அவவைப் பற்றித்தான் தேடி வாசிச்சன்.

எனக்குப் பெரிசாப் படுறது அவ வந்த வழி. விமானக் கம்பெனியில உதிரிப்பாகம் வாங்கிற பகுதியில வேலை, இடையில கொஞ்ச மாசம் நியூயோர்க் போய் இருந்து பாட்டு எழுதி, சகோதரன் ‘ஜாஃப்னா கோல்ட்’ எண்ட பேரில இசை செய்து, முதல் மிக்ஸ்டேப் (ஆல்பம் மாதிரியான பாட்டுத் தொகுப்பு) ‘damnshestamil’ 2021ல வரேக்க வயசு 30ஐத் தாண்டீட்டுது. பிறகு வளர்ந்து வாற புதுக் கலைஞர்களுக்கான பிபிசியின்ர ‘சவுண்ட் ஒஃப் 2022’ பட்டியல், 2023ல ‘சந்தோசம்’ ஆல்பம். 20 வயசுக்குள்ள வரேல்லை எண்டா முடிஞ்சுது எண்டு எங்கட பிள்ளையளுக்கு ஆரும் சொன்னா இவவைக் காட்டுங்கோ.

நீங்கள் முதல் கேட்டது எது? சொல்லுங்கோ.

*

நான் சென்னைங்க. எனக்கு ‘கமலி’ வழியாத்தான். மகாபலிபுரத்துல ஸ்கேட்போர்ட் ஓட்டுற சின்னப் பொண்ணு கமலி, அவளப் பத்தி வந்த டாகுமென்டரிய பாத்துட்டு எழுதுன பாட்டுன்னு தெரிஞ்சப்போ எனக்கு புல்லரிச்சிருச்சு, நாங்க ஈசிஆர்ல (கிழக்குக் கடற்கரைச் சாலை) அடிக்கடி போயிட்டு வர்ற ஊரு, அங்க இருக்குற ஒரு பொண்ணு மேல சுவிஸ்ல இருந்து ஒருத்தங்க பாட்டு எழுதுறாங்க. நம்ம ஊர்ல சினிமாவுக்கு வெளிய சொந்தமா பாட்டு போடுற இன்டி ஆளுங்க நிறைய பேர் சினிமா சான்ஸுக்கு ஒரு படி மாதிரிதான் தனிப்பாட்டு போடுறாங்க, இவங்க தன் கதையதான் பாடுறாங்க, அதுதான் என்னைப் பிடிச்சு உக்கார வச்சுது.

*

ஜெர்மனியில இருந்து. நானும் கலியாண வீடுகளில கீபோர்ட் வாசிக்கிற ஆள், அதால சொல்லுறன், சினிமாப் பாட்டு வாசிச்ச கைதான் அந்த இசையில தெரியுது. மெட்டு ஆர் அன்ட் பியாப் போய்க்கொண்டிருக்கும், சடாரெண்டு அடி மாறும், எங்கட குத்து வந்து நிக்கும், அது புத்தகம் பாத்துப் படிச்சு வாறதில்லை. புதுசாக் கேக்கிற ஆக்கள் ‘சிக்கன் லெமன் ரைஸ்’ இல தொடங்குங்கோ, ஆனா நல்ல ஸ்பீக்கரில போடுங்கோ, போனில கேட்டா அந்த பேஸ், அந்தக் கனத்த அடிச்சத்தம், ஒண்டும் விளங்காது.