விசாரணை இல்லாத சிறையில் பட்டினிப் போர்: நியாயமா, மிரட்டலா?

வழக்காடி:
2023 மே 2 அன்று பாலஸ்தீனரான காதர் அத்னான் இஸ்ரேல் சிறையில் இறந்தார். 86 நாட்கள் உண்ணாவிரதம் இருந்தவர். இஸ்ரேல் ராணுவத்தின் பிடியில் உள்ள பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையில், ஜெனின் பக்கம் அர்ராபா ஊர்க்காரர், ரொட்டிக்கடை நடத்தியவர். இஸ்லாமிய ஜிஹாத் என்ற ஆயுதமேந்திய பாலஸ்தீன அமைப்பில் இருந்தவர் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், மறைக்க வேண்டியதில்லை. 2011 டிசம்பரில் அவர் தொடங்கிய 66 நாள் உண்ணாவிரதம்தான் ‘நிர்வாகத் தடுப்புக்காவல்’ பற்றி வெளியுலகைப் பேச வைத்தது. குற்றச்சாட்டு கிடையாது, வழக்கு கிடையாது. ராணுவத் தளபதி கையெழுத்துப் போட்டால் ஆறு மாதம் வரை உள்ளே. அது முடிகிற நேரத்தில் இன்னொரு ஆறு மாதம். எத்தனை தடவை நீட்டலாம் என்பதற்கு வரம்பே இல்லை. இந்த நிலைமையில் கைதிக்கு மிச்சமிருக்கும் ஒரே மேல்முறையீடு பட்டினிதான் என்று நினைக்கிறேன்.

நெல்லைவாசி:
கடுமையாக மறுக்கிறேன் நண்பரே. அத்னான் இறந்தபோது நிர்வாகக் காவலிலேயே இல்லை. 2023 பிப்ரவரியில் கைதான பிறகு, தடை செய்யப்பட்ட அமைப்பில் இருந்தார், வன்முறையைத் தூண்டினார் என்று ராணுவ நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை போட்டார்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தது. அப்புறம் எப்படி வேறு வழி இல்லை என்கிறீர்கள்?

இரண்டாம் இன்டிஃபாடா என்கிற, 2000க்குப் பிந்தைய பாலஸ்தீனர் எழுச்சிக் காலத்தில் பேருந்திலும் உணவகத்திலும் குண்டு வெடித்துச் செத்தவர்களையும் நினைக்க வேண்டும். உளவு சொன்னவன் யார் என்று நீதிமன்றத்தில் தெரிந்துவிட்டால் அவன் உயிர் போய்விடும். போர்க்காலத்தில் பொதுமக்களைக் காக்கும் நான்காம் ஜெனீவா உடன்படிக்கையின் 78ஆம் பிரிவே பாதுகாப்புக்காக ஆட்களை அடைத்துவைக்க இடம் தருகிறது. சாப்பிட மறுத்தால் கதவு திறக்கும் என்றால் எந்த அரசு தாங்கும்?

வழக்காடி:
கடைசிக் கைதில் வழக்கு இருந்தது, சரி. அதற்கு முன்னால்? பல கைதுகளில் சேர்ந்து சுமார் எட்டு ஆண்டுகள் சிறையில் இருந்தார். அதில் பெரும்பகுதி இந்த நிர்வாகக் காவல்தான்.

78ஆம் பிரிவை நானும் படித்திருக்கிறேன். தவிர்க்கவே முடியாத பாதுகாப்புக் காரணம் இருந்தால் மட்டும் என்கிறது அது. 2023 வசந்த காலத்திலேயே இப்படி அடைபட்டிருந்தவர்கள் ஆயிரத்துக்கு மேல். அந்த ஆண்டு அக்டோபருக்குப் பிறகு மூவாயிரத்தைத் தாண்டியது. மூவாயிரம் பேரையும் விதிவிலக்கு என்று எப்படிச் சொல்வது? ராணுவ நீதிபதி ஆணையைப் பரிசீலிப்பது உண்மை. ஆனால் மூடிய அறையில், ரகசியக் கோப்பை வைத்து. கைதிக்கும் அவருடைய வக்கீலுக்கும் ஒரு சுருக்கம்தான் கிடைக்கும். எந்தத் தேதியில், எங்கே, என்ன செய்தேன் என்று தெரியாதவன் எதை மறுத்துப் பேசுவான்?

பிலால் கயீத் என்ற பாலஸ்தீனக் கைதியின் விஷயத்தைப் பாருங்கள். பதினான்கரை ஆண்டு தண்டனையை முழுசாக அனுபவித்தார். 2016 ஜூனில் விடுதலையாக வேண்டிய அதே நாளில் நிர்வாகக் காவல் ஆணை. அவர் 71 நாட்கள் உண்ணாவிரதம் இருந்தார். பதினான்கு வருஷமாகச் சிறைக்குள்ளேயே இருந்தவருக்கு எதிராக ரகசிய ஆதாரம்!

இந்தச் சட்டத்தின் வேர் 1945ல், பாலஸ்தீனத்தை அப்போது ஆண்ட பிரிட்டிஷார் போட்ட அவசரகால விதிகள். அப்போது யூதர்களும் இதில் மாட்டினார்கள். 1946ல் யூத வழக்கறிஞர்கள் டெல் அவிவில் மாநாடு கூட்டி அதைக் கண்டித்தார்கள்.

வெள்ளைக்கோட்டு:
நான் மருத்துவம் பார்ப்பவன், அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். தண்ணீர், உப்பு, சில சமயம் விட்டமின் எடுத்துக்கொள்வதால்தான் நூறு நாளைத் தாண்ட முடிகிறது. ஹிஷாம் அபு ஹவாஷ் என்ற கைதி 141 நாட்கள் உண்ணாவிரதம் இருந்து 2022 ஜனவரியில் முடித்தார். முதலில் கொழுப்பு கரையும், பிறகு தசை, இதயத் தசையும் சேர்ந்து. விட்டமின் பி1 குறைந்தால் கண் அசைவு தடுமாறும், மூளை பாதிக்கும். நிறுத்திய பிறகு அவசரமாகச் சோறு கொடுத்தாலும் ஆபத்துதான்.

கட்டாயமாக ஊட்டலாம் என்று 2015 ஜூலையில் இஸ்ரேல் நாடாளுமன்றம் 46க்கு 40 என்று சட்டம் போட்டது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றமும் செல்லும் என்றது. எதிர்த்தவர்கள் இஸ்ரேல் மருத்துவர் சங்கத்தினர். தெளிந்த மனத்தோடு மறுப்பவருக்கு ஊட்டக் கூடாது என்பது உலக மருத்துவச் சங்கத்தின் 1991 மால்டா பிரகடனம். 1980ல் இஸ்ரேலின் நஃப்ஹா சிறையில் கட்டாயமாக ஊட்டப்பட்ட இருவர் இறந்ததையும் மறக்கக் கூடாது.

நெல்லைவாசி:
டாக்டர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, கட்டாயமாக ஊட்டக் கூடாது. என் கேள்வி வேறு. இந்தப் போராட்டம் யாரை விடுவிக்கிறது? உடம்பில் தெம்பும், பெயரும், கேமராவும் உள்ளவரை. 2014ல் நிர்வாகக் காவல் கைதிகள் கூட்டாக 63 நாட்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். காவல் முறை ஒழிந்ததா? இல்லை. நூறு நாள் பட்டினி கிடக்க முடியாத வயதானவர் அப்படியே உள்ளே கிடக்கிறார்.

வழக்காடி:
அந்த வயதானவரை அடைத்து வைத்திருப்பது உண்ணாவிரதம் இல்லையே, அரசுதானே! பலருக்கும் கிடைத்தது ‘அடுத்த தடவை நீட்ட மாட்டோம்’ என்ற வாக்குறுதிதான், அது எனக்கும் தெரியும். நிர்வாகக் காவலில் உண்ணாவிரதம் இருந்த முகமது அல்லான் என்ற வழக்கறிஞருக்கு 2015 ஆகஸ்டில் என்ன நடந்தது? மூளைச் சேதம் இனி சரியாகாது என்று தெரிந்தால் விட்டுவிடுகிறோம் என்றது அரசுத் தரப்பு. உச்ச நீதிமன்றம் காவலை நிறுத்திவைத்தது. உடம்பு தேறி மருத்துவமனையை விட்டுக் கிளம்பிய அன்றே மறுபடி பிடித்தார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மாடிவீடு:
ஒன்று மட்டும் கேட்கிறேன். 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சர் இஸ்ரேல் காட்ஸ், மேற்குக் கரையின் யூதக் குடியேறிகள் மேல் இனி இந்த ஆணை கிடையாது என்று அறிவித்தார். பாலஸ்தீனர்களுக்கு மட்டும் தொடர்கிறது. பாதுகாப்புக் காரணம் என்று இதை எப்படி விளக்குவது நெல்லைவாசி அண்ணா?

நெல்லைவாசி:
விளக்க முடியாது தம்பி. அது பாரபட்சம். ஆனால் உளவாளியின் உயிர் பற்றி நான் கேட்டது அப்படியே நிற்கிறது. பிரிட்டனில் இருப்பது போல, ரகசியக் கோப்பைப் பார்க்க அனுமதி பெற்ற தனி வழக்கறிஞரைக் கைதிக்காக அமர்த்தலாம். காவலுக்கு மொத்தமாக ஓர் உச்ச வரம்பும் வைக்கலாம். அந்த அளவுக்கு நான் வருவேன். கைதியை உடனே விட்டுவிடு என்பதற்கு வர மாட்டேன்.

வழக்காடி:
உச்ச வரம்பு எவ்வளவு? ஆறு மாதம் என்றால் கையெழுத்துப் போடுகிறேன். அதற்குள் ஆதாரம் திரட்டி வழக்குப் போட முடியாவிட்டால் விட்டுவிட வேண்டும். தனி வழக்கறிஞர் ஏற்பாட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது: கோப்பைப் பார்த்த பிறகு அவர் கைதியிடம் தாராளமாகப் பேச முடியாது. அன்று நான் அந்த ஊரிலேயே இல்லை என்று கைதி சொல்ல வேண்டுமானால், எந்த ஊர் என்று அவனுக்கு யார் சொல்வது?