அஞ்சு வருஷ எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ்: எங்க மாதிரி வீட்டுக்குச் சரிப்பட்டு வருமா?

தங்கச்சிமடத்து மாணவி கேட்டது

எல்லாருக்கும் வணக்கம். இந்த வருஷம் ப்ளஸ் டூ முடிச்சிருக்கேன், தமிழ் மீடியம். கணக்கு 96, இயற்பியல் 90, வேதியியல் 87. கட் ஆஃப் 200க்கு 184.5 வருது. உயிரியல் குரூப்ங்கிறதால கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடமா படிச்சதில்லை. ஸ்கூல் லேப்ல தொட்டுப் பார்த்ததோட சரி. ஆனா கணக்கு எனக்கு உயிர்.

அப்பா விசைப்படகுல பங்குக்குப் போறவர், சொந்தப் படகு இல்லை. ஏப்ரல் 15ல மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிச்சு ஜூன் 14 வரைக்கும் வரும்படி கிடையாது. அப்ளிகேஷன் போடுற காலமும் இதுதான். ஒவ்வொண்ணுக்கும் பணம் கட்டணும்ங்கிறதால எல்லா இடத்துக்கும் போட்டு வைக்க முடியாது.

ஒரு டீச்சர் சொல்லித்தான் அஞ்சு வருஷம் ஒரே மூச்சா படிக்கிற எம்.எஸ்சி. பத்தித் தெரிஞ்சது. கோயம்புத்தூர்ல பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, சி.ஐ.டி.ங்கிற கோயம்புத்தூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி ரெண்டுலயும் இருக்காம், சென்னையில அண்ணா பல்கலைக்கழகத்துலயும் இருக்காம். சித்தப்பா, "எம்.எஸ்சி.ன்னா வாத்தியார் வேலைதான், பி.இ.ன்னாத்தான் கம்பெனிக்காரன் எடுப்பான்"ங்கிறாரு. அம்மாவுக்கு அஞ்சு வருஷம்ங்கிறதே பயமா இருக்கு. அப்பா ஒண்ணும் சொல்லலை, "விசாரிச்சுட்டு வா"ன்னு மட்டும் சொன்னாரு. அதான் கேக்குறேன். படிச்சவங்க யாராவது இருந்தா உள்ளதைச் சொல்லுங்க.

கீழக்கரை அண்ணன்

தங்கச்சி, நான் போன வழி வேற. ஊருக்குப் பக்கத்துலயே மூணு வருஷம் பி.எஸ்சி., அப்புறம் டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.சி.ஏ. முன்னாடி மூணு வருஷமா இருந்த எம்.சி.ஏ.வை 2020-21ல இருந்து ரெண்டு வருஷமாக்கிட்டாங்க. ஆக இதுவும் அஞ்சு வருஷம்தான். நடுவுல ஒரு படி இருக்குங்கிறதுதான் வித்தியாசம். நான் மூணாம் வருஷம் படிக்கையில வாப்பாவுக்கு உடம்புக்கு முடியாமப் போச்சு. கையில பட்டம் இருந்ததால ஒரு வருஷம் வேலை பார்த்துட்டு, திரும்பப் போய்ப் படிச்சேன். ஒரே மூச்சா அஞ்சு வருஷத்துல சேர்ந்திருந்தா அப்படி நிறுத்தியிருக்க முடியுமான்னு தெரியலை. வீட்டு நிலைமையை வச்சு இதையும் யோசிச்சுப் பாரும்மா.

சின்னப்பாலம் அக்கா

பாப்பா, நான் பாம்பன் சின்னப்பாலம். எங்கம்மா பாசி எடுக்கப் போறவங்க. விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு, கண்ணாடி மாட்டிக்கிட்டு முங்கி, மரிக்கொழுந்துப் பாசி பிச்சுக்கிட்டு வந்து காயப்போட்டு விப்பாங்க. அந்தக் காசுல நான் கோயம்புத்தூர்ல அஞ்சு வருஷ எம்.எஸ்சி. படிச்சேன். இப்ப சென்னையில ஒரு மென்பொருள் கம்பெனியில வேலை. வாத்தியார் வேலை மட்டும்தான்னு உங்க சித்தப்பா சொல்றது சரியில்லை. என் வகுப்புல முக்கால்வாசிப் பேர் கம்பெனியிலதான் இருக்காங்க.

ஆனா நீ கேட்க வேண்டிய கேள்வி பி.இ.யா எம்.எஸ்சி.யாங்கிறது இல்லை. இந்தப் படிப்புல கணக்கு எப்படிப்பட்ட கணக்குன்னு முதல்ல தெரிஞ்சுக்கணும். நானும் உன்னை மாதிரி கணக்குல நல்ல மார்க் வாங்கிட்டுப் போனவதான். ஸ்கூல்ல "காண்க"ன்னு கேட்பாங்க, விடையைக் கண்டுபிடிச்சா முடிஞ்சுது. அங்க முதல் வருஷத்துலயே "நிரூபி"ன்னு வந்து நிக்கும். விடை கையிலயே இருக்கும், அது ஏன் சரின்னு நீ காட்டணும். முதல் செமஸ்டர்ல டிஸ்கிரீட் கணக்குல 38 வாங்கினேன். விடுதியில போர்வையை இழுத்து மூடிக்கிட்டு அழுதேன். இங்கிலீஷும் புரியலை, கணக்கும் புரியலைன்னு அப்ப நினைச்சேன். நிஜத்துல கணக்கு புரிஞ்சுது, எழுதுற முறைதான் புதுசு. ஒரு சீனியர் அக்கா தினமும் ராத்திரி ஒரே ஒரு நிரூபணம் எழுதவச்சு திருத்திக் கொடுத்தாங்க. ரெண்டாம் செமஸ்டர் முடியிறதுக்குள்ள கை பழகிடுச்சு.

ரெண்டாம் வருஷம் ஆட்டோமேட்டான்னு ஒரு பாடம். நிலை, நிலை மாற்றம்னு போர்டுல வட்டமும் அம்புக்குறியுமா போட்டுக்கிட்டே போனாங்க. வகுப்பே முழிச்சுது. எனக்கு மட்டும் அது சட்டுன்னு நம்ம பழைய தூக்குப்பாலமாத் தெரிஞ்சுது. பாலம் மூடியிருக்கு, சிக்னல் பச்சை: ரயில் வரலாம். கப்பல் வருது: சிக்னல் சிவப்பாகணும், அப்புறம்தான் பாலம் திறக்கணும். திறந்திருக்கையில சிக்னல் பச்சையாகவே கூடாது. காத்து 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினா, பாலம் மூடியிருந்தாலும் சிவப்பு. ஒவ்வொண்ணும் ஒரு நிலை, ஒவ்வொரு சேதியும் ஒரு அம்புக்குறி. சின்ன வயசுல கரையில நின்னு நாள் முழுக்க பார்த்ததை அன்னிக்குத்தான் நோட்டுல வரைஞ்சேன். ப்ரொஃபசர் அதை வாங்கி போர்டுல போட்டு மொத்த வகுப்புக்கும் விளக்கினாங்க. அந்த நோட்டை இன்னும் வச்சிருக்கேன்.

இந்த அஞ்சு வருஷத்துல நமக்குக் கிடைக்கிறது அதுதான். பி.இ.யிலயும் ஆட்டோமேட்டா இருக்கு, அல்காரிதம் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா அங்க முதல் வருஷம் எல்லாப் பிரிவுக்கும் பொதுவான பாடங்களும் இருக்கும். நமக்கு முதல் நாள்ல இருந்தே கணக்கும் கம்ப்யூட்டரும்தான். எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் அது ஓடி முடியுமா முடியாதான்னு சொல்லிடுற ஒரு பொதுப் புரோகிராம் எழுதவே முடியாதுன்னு ஆலன் டூரிங் 1936ல நிரூபிச்சதை எங்களுக்கு ஒரு வாரம் நிதானமா நடத்தினாங்க. கம்ப்யூட்டரே கண்ணுல படாத காலத்துல, காகிதத்துல உட்கார்ந்து, அதால எது முடியாதுன்னு ஒரு மனுஷன் சொல்லியிருக்கார். அதைப் படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. அதே மாதிரி, ஒரு எண் பகா எண்ணான்னு வேகமா உறுதியாச் சொல்ற வழியை 2002ல கான்பூர் ஐ.ஐ.டி.யில கண்டுபிடிச்சாங்க. மூணு பேர்ல ரெண்டு பேர் அப்பத்தான் பி.டெக். முடிச்ச பசங்க. இந்த மாதிரி விஷயம் படிக்கையில உனக்கு உள்ளுக்குள்ள ஏதாவது துடிச்சா இந்தப் படிப்பு உனக்கானது. எப்படா வேலை கிடைக்கும்ங்கிறதுதான் மனசுல முன்னாடி நிக்குதுன்னா நாலு வருஷத்தை எடு. அதுல ஒரு தப்பும் இல்லை.

கோடு எழுதத் தெரியாதேன்னு பயப்படாதே. சீ, பைத்தான் மாதிரி ஒரு கம்ப்யூட்டர் மொழியில முதல் வரியில இருந்துதான் ஆரம்பிப்பாங்க. தெரிஞ்சுட்டு வந்தவங்களும் தெரியாம வந்தவங்களும் ரெண்டாம் வருஷம் ஒரே இடத்துலதான் நின்னோம்.

இப்ப கஷ்டத்தைச் சொல்றேன். நாலு வருஷம் முடிஞ்சதும் பி.இ. படிச்ச ஊர்ப் புள்ளைங்க வேலைக்குப் போயிடுவாங்க. எங்க தெருவுல ஒருத்தி அந்த வருஷ தீபாவளிக்கு முதல் சம்பளத்துல வீட்டுக்கு வாஷிங் மெஷின் எடுத்துக் கொடுத்தா. அதே வாரம் நான் அம்மாவுக்குப் போன் போட்டு மெஸ் பில் கேட்டேன். அம்மா தோட்டை அடகு வச்சு அனுப்பினாங்க. என்கிட்ட சொல்லவே இல்லை, லீவுக்கு வந்தப்பக் காதுல ஈர்க்குச்சியைப் பார்த்துத்தான் தெரிஞ்சுது. அஞ்சாவது வருஷத்தோட விலை வெறும் ஃபீஸ் இல்லை, பாப்பா. ஒரு வருஷச் சம்பளமும் அதுல சேரும். அதை இப்பவே வீட்டுல உட்கார்ந்து பேசிடணும். நாங்க பேசலை.

என் படிப்புல ரெண்டு செமஸ்டர் முழுக்க வெளியில புராஜெக்ட். கடைசிப் புராஜெக்ட்டுக்கு நான் எடுத்துக்கிட்டது நம்ம கடல். ஐதராபாத்துல இருக்கிற இன்காய்ஸ்ங்கிற கடல் தகவல் நிறுவனம், செயற்கைக்கோள் காட்டுற கடல் வெப்பத்தையும் பச்சையத்தையும் வச்சு மீன் சேரக்கூடிய இடத்தை அறிவிக்குது. அதுல ஆழம் மீட்டர்ல இருக்கும். நம்ம ஆளுங்க பாகத்துலதான் (ரெண்டு கையையும் விரிச்ச நீளம்) பேசுவாங்க. மீட்டரைப் பாகமாக்கி, திசையை நம்ம பேச்சுல சொல்லி, போன்ல குரலாக் கேட்கிற மாதிரி செஞ்சேன். பெரிய கண்டுபிடிப்பெல்லாம் இல்லை. ஆனா எங்கண்ணன் அதைக் கேட்டுட்டு, "சரியாத்தான்டா சொல்லுது"ன்னு சொன்னப்ப, அஞ்சு வருஷமும் கண்ணு முன்னாடி வந்துட்டுப் போச்சு.

தொண்டி ஆசிரியர்

மகளே, அரசுப் பள்ளியில் பணிபுரிகிறேன். ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால், பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கும். ஐந்து வருட எம்.எஸ்சி. அந்தக் கலந்தாய்வில் வராது, கல்லூரிகளும் பல்கலைக்கழகமும் தனியாக விண்ணப்பம் வாங்குகின்றன. ஆகவே பி.இ.க்குக் கிடைக்கும் சலுகைகள் இதற்கும் தானாக வந்துவிடும் என்று நம்பிச் சேர்ந்துவிடாதே. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை உட்பட எல்லாவற்றையும் சேர்க்கை அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்.

ஆசிரியர் வேலை பற்றியும் ஒரு வார்த்தை. அரசுப் பள்ளியில் கணினிப் பயிற்றுநராக முதுகலையோடு பி.எட். வேண்டும். கலை அறிவியல் கல்லூரியில் பாடம் நடத்த முதுகலையோடு நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றால் போதும். ஆனால் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் துறையில் விரிவுரையாளராக பி.இ.யும் எம்.இ.யும் கேட்பார்கள், எம்.எஸ்சி. மட்டும் போதாது. அந்த ஆசை இருந்தால், கேட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். போனால் பி.இ. இல்லாமலும் தகுதி கிடைக்குமா என்று இப்போதே விசாரித்துக்கொள்.

தங்கச்சிமடத்து மாணவி

அக்கா, உங்க பதிலை அம்மாவுக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டினேன். தோடு வந்த இடத்துல அம்மா எழுந்து உள்ளே போயிட்டாங்க. ஐயா, நான் எட்டாவது வரைக்கும் உதவி பெறும் பள்ளியில படிச்சேன், ஒன்பதுல இருந்துதான் அரசுப் பள்ளி. அப்ப எனக்கு 7.5 கிடைக்காதுதானே? கீழக்கரை அண்ணன் சொன்ன மாதிரி நடுவுல நிறுத்த வேண்டி வந்தா என்ன ஆகும், அக்கா? கடன் வாங்கலாமா?

சின்னப்பாலம் அக்கா

ஆறுல இருந்து அரசுப் பள்ளியா இருந்தாத்தான் 7.5. அதனால அந்தக் கதவு இல்லைன்னே வச்சுக்கோ. இருந்திருந்தா, நான் இவ்வளவு எழுதின பிறகும், பி.இ.க்கே போன்னுதான் சொல்லியிருப்பேன்.

நடுவுல நிறுத்துறது பத்தி: மூணு வருஷத்துல பி.எஸ்சி. வாங்கிட்டு வெளியே வர சில இடத்துல வழி வச்சிருக்காங்க, சில இடத்துல இல்லை. நான் படிச்சப்ப எனக்கு இல்லை. அப்ளிகேஷன் பணம் கட்டுறதுக்கு முந்தியே போன் போட்டுக் கேட்டுடு. உங்க வீட்டுக்கு அந்த வழி இருக்கிற இடம்தான் நல்லது.

கடனுக்கு வித்யாலக்ஷ்மி இணையதளத்துல போடணும். 4 லட்சம் வரைக்கும் சொத்து ஈடு கேட்கக் கூடாது, பெத்தவங்க கையெழுத்து போதும். எங்களை ஒரு வங்கிக் கிளையில வீட்டுப் பத்திரம் கொண்டு வாங்கன்னு திருப்பி அனுப்பினாங்க. அம்மா அதை நம்பி வந்துட்டாங்க. விதியைத் தாள்ல எழுதிக்கிட்டு நான் திரும்பப் போய் நின்ன பிறகுதான் மனுவை வாங்கினாங்க. நீ முதல் தடவையே தாளோட போ. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா, படிக்கிற கால வட்டியை மத்திய அரசு ஏத்துக்கிற திட்டமும் இருக்கு. நீ சேர்ற கல்லூரியும் படிப்பும் அதுல வருதான்னு வங்கியிலயே கேளு. படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சுத்தான் தவணை கட்ட ஆரம்பிக்கணும். கேட்கிறப்ப அஞ்சு வருஷத்துக்கும் சேர்த்துக் கேளு. நாலு வருஷக் கணக்குல வாங்கிட்டு, கடைசி வருஷம் திண்டாடின புள்ளைங்களை என் விடுதியிலயே பார்த்திருக்கேன்.

வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூணுக்கும் இந்த வாரமே இ-சேவை மையத்துல போட்டுடு. கூட்டம் சேர்ந்துட்டா இழுத்துடும். அப்பா கடலுக்குப் போகாம வீட்டுல இருக்கிற நாள் இதுதான். பி.இ. ஃபீஸ் ஒரு பக்கம், இது ஒரு பக்கம், மெஸ், பஸ் காசு, அஞ்சாவது வருஷம், எல்லாத்தையும் ஒரே தாள்ல எழுதி அவர் முன்னாடி வை. "விசாரிச்சுட்டு வா"ன்னு சொன்ன மனுஷன், கணக்கைக் காட்டினாக் கேட்பாரு. அம்மா எழுந்து போனாங்கன்னு சொன்னியே, எங்கம்மா நம்பரை உனக்குத் தனியா அனுப்பியிருக்கேன். ரெண்டு பேரும் பேசட்டும். தோட்டை முதல் மாசச் சம்பளத்துலயே மீட்டுக் கொடுத்துட்டேன்னு அவங்களே சொல்லுவாங்க.