சாவி டிக்கிக்குள், கதவெல்லாம் லாக்: பிள்ளையார்பட்டி பார்க்கிங்கில் நிற்கிறோம், உதவி வேண்டும்

பள்ளத்தூர் பேத்தி

அண்ணன்மார், அக்காமார் யாராவது உடனே சொல்லுங்கள். வண்டி ஐந்து கதவு ஹேட்ச்பேக், 2016 மாடல், பெட்ரோல். மடக்குச் சாவியிலேயே ரிமோட், புஷ் ஸ்டார்ட் கிடையாது. ரிமோட்டில் திறந்து, பக்கக் கதவு எதையும் தொடாமல் டிக்கியை மட்டும் திறந்து, பலகாரச் சம்படங்களையும் கைப்பையையும் வைத்து மூடினோம். சாவி கைப்பைக்குள். கொஞ்ச நேரத்தில் டக்கென்று எல்லாக் கதவும் பூட்டிக்கொண்டது. டிக்கியும் திறக்கவில்லை. கண்ணாடி நான்கும் முழுக்க ஏற்றியிருக்கிறது.

ஸ்பேர் சாவி சென்னை வீட்டில் இருக்கிறது. இங்கே ஒருவர் கதவுக் கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவே கம்பி விட்டு இழுத்துப் பார்க்கலாம் என்கிறார். விடலாமா? உடைத்தே ஆக வேண்டும் என்றால் பின்பக்கச் சின்ன முக்கோணக் கண்ணாடிதான் மலிவு என்கிறார்கள், அது சரியா?

கல்லல் மெக்கானிக்

தங்கச்சி, மற்றதெல்லாம் அப்புறம். உள்ளே குழந்தையோ, வயதானவர்களோ இருக்கிறார்களா? இருந்தால் இந்த இழையைப் படித்துக்கொண்டு நிற்க வேண்டாம். 112-க்கு ஒருவர் பேசட்டும், இன்னொருவர் உடனே கண்ணாடியை உடைக்கட்டும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் பத்து நிமிடத்திலேயே சுமார் 10 டிகிரி ஏறிவிடும். குழந்தை உடம்பு பெரியவர் உடம்பைவிட வேகமாகச் சூடேறும்.

ஆளில்லாத பக்கத்துக் கதவுக் கண்ணாடியாகப் பார்த்து, அதன் கீழ் மூலையில் அடிக்க வேண்டும். நடுவில் அடித்தால் பல தடவை அடித்தாலும் எகிறும். வீல் ஸ்பேனரின் கூர்முனையோ, இரும்பில் புள்ளி குத்தும் சென்டர் பஞ்ச் உளியோ போதும். முன் கண்ணாடியைத் தொடாதீர்கள். இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது அது. விரிசல் விடுமே தவிர வழி விடாது.

உள்ளே யாரும் இல்லையென்றால் எதையும் உடைக்க வேண்டாம், கம்பியும் விட வேண்டாம். பதில் போடுங்கள், முறையைச் சொல்கிறேன்.

பள்ளத்தூர் பேத்தி

உள்ளே யாரும் இல்லை அண்ணே. அப்பத்தாவும் அம்மாவும் மண்டபத்து நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கோனாபட்டு வாசகன்

டென்னிஸ் பந்தில் ஓட்டை போட்டு சாவித் துளையில் வைத்து அழுத்தினால் காற்று அழுத்தத்தில் திறக்கும் என்று வீடியோ இருக்கிறது. அதுபோல வீட்டில் இருப்பவரை ஸ்பேர் ரிமோட்டைப் போனுக்குப் பக்கத்தில் அழுத்தச் சொல்லி, இங்கே போனைக் கதவில் வைத்தாலும் திறக்குமாம்.

பூட்டுக்கடை, காரைக்குடி

தம்பி, இரண்டுமே நடக்காது. கதவுப் பூட்டு மின் மோட்டாரில் வேலை செய்வது. சாவித் துளையில் காற்றை அடித்தால் அது போய்த் தள்ளுவதற்கு உள்ளே ஒன்றும் கிடையாது. ரிமோட் அனுப்புவதோ ரேடியோ அலை, பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ். போன் கடத்துவது காதுக்குக் கேட்கும் ஒலியை மட்டும்தான். இதில் நேரத்தை விடாதீர்கள்.

இன்னொன்று. அவசரத்தில் சிலர் ஸ்பேர் சாவியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பொதுவில் போட்டுவிடுகிறார்கள். சாவியின் வெட்டு தெளிவாகத் தெரிகிற படம் ஒன்று இருந்தால் தொழில் தெரிந்தவர் சாவியே வெட்டிவிடலாம். சாவிக் கொத்தோடு வரும் சின்ன எண் தகட்டின் படமும் அப்படித்தான். யார் கேட்டாலும் போடாதீர்கள்.

கல்லல் மெக்கானிக்

முதலில் ஏன் பூட்டியது என்று சொல்லிவிடுகிறேன். ரிமோட்டில் திறந்த பிறகு பக்கக் கதவு எதுவும் திறக்கப்படவில்லை என்றால், யாரோ பாக்கெட்டுக்குள் தெரியாமல் அழுத்திவிட்டார்கள் என்று எண்ணி வண்டி தானே திரும்பப் பூட்டும். பல வண்டிகளில் இந்த அவகாசம் 30 விநாடி. டிக்கியைத் திறந்ததைச் சில வண்டிகள் கணக்கிலேயே எடுப்பதில்லை. உங்களுடையது அந்த ரகம். பூட்டில் கோளாறு எதுவும் இல்லை.

அடுத்தது அந்தக் கம்பி. கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவே கீழே விடுவது மாருதி 800, ஆம்னி காலத்து வித்தை. அப்போது கதவுக்குள் பூட்டை இயக்கும் லாக் ராடு மூடாக்கு இல்லாமல் நீளமாக ஓடும், கொக்கி மாட்டினால் தூக்கிவிடலாம். இப்போது பல வண்டிகளில் ராடுக்குப் பதில் உறைக்குள் ஓடும் கேபிள், பூட்டின் மேல் ஒரு மூடி. கம்பி அங்கே போகாது. பவர் விண்டோ ஒயரில்தான் போய் மாட்டும். கேபிள் கிளிப் கழன்றுவிட்டால் பிறகு அசல் சாவியே கையில் கிடைத்தாலும் அந்தக் கதவு திறக்காமல் போகலாம், உள் அட்டையைக் கழற்ற வேண்டிவரும். பக்க ஏர்பேக் உள்ள வண்டி என்றால் கதவுக்குள் சென்சாரும் இருக்கலாம். ஆகவே வேண்டவே வேண்டாம்.

சரியான வழி கதவின் மேல் விளிம்பு. தேவையானவை: பிளாஸ்டிக் ஆப்பு இரண்டு, காற்றுப் பை ஒன்று, நீளக் கம்பி ஒன்று, மெல்லிய துணி, இன்சுலேஷன் டேப், டார்ச். காற்றுப் பை அங்கே கிடைக்காது. மருந்துக்கடையிலோ கிளினிக்கிலோ கையால் பந்தை அழுத்தி ஏற்றும் பழைய மாடல் பிபி மிஷின் இருந்தால் அதன் பட்டையைக் கேளுங்கள், அதே வேலையைச் செய்யும். மோட்டார் வைத்த டிஜிட்டல் மிஷின் ஆகாது. ஆப்புக்கு நான்ஸ்டிக் கல்லுக்கான பிளாஸ்டிக் தோசைத் திருப்பி போதும். கம்பி 8 நம்பர் ஜிஐ, அதாவது 4 மி.மீ. கனம், ஒன்றரை மீட்டர் நீளம். கட்டுக்கம்பி வளைந்துவிடும். முனையில் 3 செ.மீ. கொக்கி வளைத்து, முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். டேப் இல்லாவிட்டால் டேஷ்போர்டும் சீட்டும் கீறும்.

இடது முன் கதவில் வேலை செய்யுங்கள். கீல் இருப்பது முன்புறம், ஆகவே மேல் பின் மூலைதான் வளைந்துகொடுக்கும். கதவில் மழை வைசர் ஒட்டியிருந்தால் அதன்மேல் பாரம் விழக் கூடாது, ஒட்டிய டேப் விட்டுவிடும். வைசர் முடியும் இடத்துக்குக் கீழே, முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவிலுள்ள தூண் பக்கத்து விளிம்பில் ஆப்பை நுழையுங்கள். துணியை முதலில் வைத்து, அதன்மேல் திருப்பியைச் செருகி மெதுவாக நெம்புங்கள். கதவைச் சுற்றியுள்ள பீடிங் ரப்பர் உள்பக்கம் மடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டை நுழையும் அளவு இடைவெளி வந்ததும், மடித்த பிபி பட்டையை உள்ளே தள்ளிக் காற்று ஏற்றுங்கள். கம்பி நுழைய 8 முதல் 10 மி.மீ. போதும். அதற்கு மேல் ஏற்றாதீர்கள். அளவு மீறினால் கதவுச் சட்டம் நிரந்தரமாக வளைந்து, பிறகு வேகத்தில் விசில் சத்தமும் மழையில் ஒழுகலும் வரலாம்.

கம்பியை அதே கதவின் லாக் லீவருக்குக் கொண்டுபோகாதீர்கள். எல்லோரும் அதைத்தான் முயன்று அலுத்துப்போகிறார்கள். அந்த லீவரை வண்டிக்குள்ளே பார்த்து இழுக்க வேண்டும், நீங்களோ வெளியே பார்த்து இழுக்கிறீர்கள். எதிரே உள்ள டிரைவர் கதவைப் பிடியுங்கள். இடப்பக்கத்திலிருந்து நீங்கள் இழுக்கும் திசையும் அந்த லீவர் திறக்கும் திசையும் ஒன்றாகிவிடும். டிரைவர் லீவர் திறந்தால் சென்ட்ரல் லாக்கும் பெரும்பாலும் எல்லாக் கதவையும் விட்டுவிடும். ஒருவர் டிரைவர் பக்கம் நின்று, டார்ச் அடித்து, "கொஞ்சம் மேலே, இப்போ முன்னாடி" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். தனியாளாகச் செய்வது சிரமம். லீவர் நகர்ந்தும் கதவு வராவிட்டால், அதே கொக்கியால் உள் கைப்பிடியை இழுங்கள். பின் கதவுகளில் சைல்டு லாக் போட்டிருந்தால் உள் கைப்பிடி பயன்படாது, ஆகவே பின் கதவில் முயல வேண்டாம்.

திறந்ததும் அலாரம் கத்தலாம். பயப்படாதீர்கள், பேட்டரியைக் கழற்றாதீர்கள். பின் சீட்டை மடக்கிக் கைப்பையை எடுத்து ரிமோட்டை அழுத்தினால் நின்றுவிடும்.

பூட்டுக்கடை, காரைக்குடி

மெக்கானிக் அண்ணன் சொன்னது முறையான வழி. ஆனால் கைப்பழக்கம் இல்லாதவர்கள் கொஞ்சம் தயங்கினால்கூட ஆளைக் கூப்பிடுவதே நல்லது. காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி 12 கி.மீ. பக்கம்தான். வருபவரிடம் போனிலேயே மூன்று கேள்வி கேளுங்கள். காற்றுப் பை வைத்திருக்கிறாரா, டிரைவர் கதவுப் பூட்டைச் சிதைக்காமல் துளை வழியே திறக்கத் தெரியுமா, கூலி எவ்வளவு. வந்த பிறகு பேசினால் அவசரத்துக்குத் தக்கபடி ஏறும். துளையில் டிரில் போட வேண்டும் என்று முதல் வார்த்தையாகச் சொல்பவரை அனுப்பிவிடுங்கள்.

நேர்மையான பூட்டுக்காரர் வண்டி யாருடையது என்று கேட்பார். ஆர்சி வண்டிக்குள் மாட்டிக்கொண்டிருந்தால் டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ காட்டுங்கள்.

டிரைவர் கதவுத் துளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பக்கம் எல்லோரும் ரிமோட்டிலேயே ஓட்டுவதால் அந்தத் துளையில் வருடக்கணக்கில் சாவி போவதில்லை. செம்மண் புழுதி புகுந்து தகடுகள் இறுகிவிடுகின்றன. அப்புறம் ரிமோட் பேட்டரி தீர்ந்த அன்று சாவி திரும்பாது. கிராஃபைட் தூளோ டெஃப்லான் ஸ்பிரேயோ கொஞ்சமாக விட்டு, மாதம் ஒரு தடவை சாவியாலேயே திறந்து பழக்குங்கள். தேங்காய் எண்ணெயும் கிரீஸும் விடாதீர்கள். புழுதியோடு சேர்ந்து பசையாகிவிடும்.

தேவகோட்டை ரஸ்தா

உடைப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முக்கோணக் கண்ணாடி சின்னது என்பதற்காக மலிவாகிவிடாது. பல வண்டிகளில் அது சட்டத்தோடு ஒட்டி வருவதால் கதவுக் கண்ணாடியைவிட விலையும் கூலியும் கூடும், கடையில் இருப்பும் இருக்காது. உடைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் பின் கதவின் ஏறி இறங்கும் கண்ணாடி பரவாயில்லை. மூலையில் அச்சிட்டிருக்கும் எழுத்தில் டெம்பர்டு (சின்னத் துண்டுகளாக நொறுங்குவது) என்று இருக்கிறதா, லேமினேட்டட் (முன் கண்ணாடி போல நடுவே படலம் வைத்தது) என்று இருக்கிறதா என்று பாருங்கள். லேமினேட்டட் என்றால் பக்கக் கண்ணாடியும் சுலபத்தில் உடையாது.

இன்சூரன்ஸில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். கண்ணாடிக்குத் தேய்மானம் கழிப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் 1500 சிசி வரையுள்ள காருக்கு ஒவ்வொரு கிளைமிலும் கட்டாயப் பிடித்தம் 1000 ரூபாய். அதோடு கிளைம் வாங்காத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் போய்விடும், அது சொந்த வண்டிச் சேதத்துக்கான (ஓன் டேமேஜ்) பிரீமியத்தில் 20 முதல் 50 சதவீதம் வரை. ஒரு கதவுக் கண்ணாடிக்காக அதை இழப்பது நஷ்டம்.

பாலிசித் தாளில் ரோடுசைடு அசிஸ்டன்ஸ், அதாவது வழியில் மாட்டிக்கொண்டால் ஆள் அனுப்பும் சேவை, இருக்கிறதா என்று பாருங்கள். அநேகமாக அதில் சாவி மாட்டிக்கொள்வதும் சேர்ந்திருக்கும், பொதுவாக போனஸுக்கும் பாதிப்பு வராது. ஆள் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வர வேண்டியிருந்தால் தாமதமாகும். ஆகவே முதலிலேயே பதிவு செய்துவிட்டு, காத்திருக்கும் நேரத்தில் மற்ற வழியைப் பாருங்கள்.

படிக்கிற மற்றவர்களுக்கு: புளூலிங்க், கியா கனெக்ட் மாதிரி செயலி இணைந்த வண்டி என்றால் போனிலிருந்தே கதவைத் திறக்கலாம். சந்தா நடப்பில் இருக்க வேண்டும், வண்டி நிற்கும் இடத்தில் சிக்னலும் வேண்டும். புஷ் ஸ்டார்ட் வண்டிக்காரர்கள் சாவி உள்ளே இருந்தால் வண்டி பூட்டாது என்று நம்பியே இருக்கக் கூடாது. சாவி எவர்சில்வர் தூக்குக்குள்ளோ சம்படத்துக்குள்ளோ போய்விட்டால் உலோகம் அலையை மறைக்கும், வண்டிக்குச் சாவி தெரியாது.

பள்ளத்தூர் பேத்தி

திறந்துவிட்டது! பிபி பட்டை பக்கத்து கிளினிக்கில் கொடுத்தார்கள். டிரைவர் பக்க லீவரில்தான் மாட்டியது, இடப்பக்கத்திலிருந்தே இழுத்தோம். அலாரம் கத்தியது, ரிமோட்டில் நின்றது. அண்ணன்மாருக்கு ரொம்ப நன்றி. கதவு விளிம்பில் ஏதாவது பார்க்க வேண்டுமா? ஸ்பேர் சாவியை இங்கேயே ஒன்று செய்து வைக்கலாமா?

பூட்டுக்கடை, காரைக்குடி

வைக்கலாம் தங்கச்சி. சிப் இல்லாத பிளைன் சாவி ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். அது கதவைத் திறக்கும், சிப்பைச் சரிபார்க்கும் இம்மொபிலைசர் விடாததால் இன்ஜின் கிளம்பாது. அதனால் தொலைந்தாலும் வண்டியை ஓட்டிக்கொண்டு போக முடியாது. சிப் சாவியைவிட மிகக் குறைந்த செலவு. அதை வண்டிக்குள் வைக்காமல் அம்மா பர்ஸில் கொடுத்துவையுங்கள். வெட்டிய உடனே டிரைவர் கதவில் போட்டு இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துத்தான் காசு கொடுங்கள்.

கல்லல் மெக்கானிக்

நல்லது தங்கச்சி. இப்போது பீடிங்கை விரலால் முழுக்கத் தடவிப் பாருங்கள், மடங்கியிருந்தால் வெளியே இழுத்து விடுங்கள். பிறகு ஒரு காகிதத் துண்டை அந்த மேல் மூலையில் வைத்துக் கதவை மூடி, இழுங்கள். இறுக்கமாக வந்தால் சட்டம் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் வலப்பக்கக் கதவில் அதே இடத்தில் இழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் நீங்களே முட்டி கொடுத்துத் தள்ள வேண்டாம், ஒடுக்கு எடுக்கும் டிங்கரிடம் காட்டுங்கள். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, கீழ்ச் சட்டத்தைத் தாங்கிப் பிடித்து மேல் மூலையை உள்ளே தள்ளுவார். கண்ணாடி ஏறியிருக்கும்போது தள்ளினால் கண்ணாடி போய்விடும்.